பந்தயத்துக்கு முந்தைய பத்தியம்

ஜைத்தூனுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. லங்காவித் தீவின் மீனவ ஊரான குவாலா தெரியாங்கில் யாரைக் கேட்டாலும் அவளைப் பற்றி முதலில் இதைத்தான் சொல்வார்கள். விமான நிலையத்துக்கு எதிரே இருக்கிற வாடகைக் கார் கொட்டகையில் அவளுக்கு வேலை. திரும்பி வரும் காரிலிருந்து மணலைக் கூட்டி, மிதியடியை உதறி, கண்ணாடியைத் துடைத்து, அடுத்த ஆளுக்குத் தயாராக நிறுத்த வேண்டும். கூட வேலை செய்கிற பெண்கள் ஒரு காரை முடித்ததும் நிழலில் உட்கார்ந்து கதை பேசுவார்கள். இவள் முடித்த காரையே மறுபடி ஒரு சுற்றுத் துடைப்பாள். வீட்டுக்கு வந்தால் கணவன் சப்ரியின் மீன்வலையை இழுத்துப் போட்டுக்கொண்டு கிழிசல் தேடுவாள். கிழிசல் இல்லாவிட்டால் அவளுக்குக் கோபம் வரும்.

அப்படிப்பட்டவளைப் பார்த்துத்தான் ஹில்மி ஒரு நாள், "அக்கா, இனிமே நீங்க ஒக்காரணும்" என்றான்.

ஹில்மி தீயணைப்பு நிலையத்து ஆள். அவளைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவன். லங்காவியில் ஆண்டுதோறும் நடக்கிற அந்த நெடும்பந்தயத்தை நாலு தடவை முடித்தவன். விடிந்ததும் கடலில் இறங்கி நீந்திக் கரையேறி, தீவைச் சுற்றிச் சுற்றி நூற்றெண்பது கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, அதிலிருந்து இறங்கியதும் ஒரு முழு மாரத்தான் ஓட வேண்டும். எல்லாம் அந்த ஒரே நாளில். வெளிநாட்டுக்காரர்களும் கோலாலம்பூர்க்காரர்களும் விமானத்தில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு வந்து செய்கிற காரியம் அது. ஊர்க்காரர்கள் சாலையோரம் நின்று தண்ணீரும் வாழைப்பழமும் நீட்டுவார்கள். ஜைத்தூனும் பல வருஷம் வாழைப்பழம் நீட்டியவள்தான். நாற்பத்து நாலாவது வயதில் அவளே பந்தயத்தில் இறங்கினாள்.

இறங்கிய முதல் வருஷம் தோற்றாள். பந்தயத்துக்கு முந்தைய வாரம்கூட அவள் குனோங் ராயா மலைக்கு சைக்கிளில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். ஓய்வெடுத்தால் கற்றதெல்லாம் உடம்பை விட்டு வடிந்துவிடும் என்று பயம். பந்தயத்தன்று நீச்சலை முடித்தாள். சைக்கிளில் பாதி தூரம் போனதும் காலில் ஒன்றும் மிச்சமில்லை என்று தெரிந்தது. டத்தாய் சாலை மேட்டில் இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தாள். சைக்கிள் முடிகிற இடத்துக்கு வந்து சேர்ந்தபோது கெடு தாண்டியிருந்தது. தொண்டர்ப் பெண் ஒருத்தி குனிந்து, அவள் கணுக்காலில் கட்டியிருந்த, நேரத்தைப் பதிகிற பட்டையைக் கழற்றி எடுத்துக்கொண்டாள். "மன்னிச்சுக்குங்க அக்கா" என்றாள். பட்டை இருந்த இடத்தில் தோல் வெளுத்திருந்தது. அந்த இடத்தை ஜைத்தூன் பல நாள் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த வருஷம் ஹில்மியின் குழுவில் சேர்ந்தாள். வாரம் தவறாமல் அவன் சொன்னதைச் செய்தாள். பந்தயத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது அவன் பயிற்சியைப் பாதியாக வெட்டினான். அடுத்த வாரம் அதிலும் பாதி என்றான்.

"என்ன தம்பி இது? நாள் நெருங்க நெருங்கக் கூட்டுவீங்கன்னு பாத்தா, கொறைக்கிறீங்க?"

"சேக்க வேண்டியதெல்லாம் சேத்தாச்சுக்கா. இனிமே என்ன பண்ணாலும் புதுசா ஒண்ணும் ஒடம்புல ஏறாது. கெடுக்கத்தான் முடியும்."

"அப்ப நான் என்னதான் பண்றது?"

"தூங்குங்க, சாப்பிடுங்க. அன்னாடம் கொஞ்ச நேரம் மெதுவா சைக்கிள், கொஞ்சம் நீச்சல், அவ்வளவுதான். மத்த நேரம் நிக்கவே வேணாம். நிக்கிற எடத்துல ஒக்காருங்க. ஒக்கார்ற எடத்துல படுங்க."

"ஊர்ல பாக்கறவங்க என்ன சொல்லுவாங்க?"

"ஊரா சைக்கிள் மிதிக்கப் போகுது?" என்றான் ஹில்மி.

கார் கொட்டகையில் சொல்லி விடுப்பு வாங்கிக்கொண்டு வந்து வீட்டில் உட்கார்ந்தாள் ஜைத்தூன். முதல் நாள் நன்றாகத்தான் இருந்தது. இரண்டாம் நாள் இடது குதிகாலில் ஊசி குத்துகிற மாதிரி ஒரு வலி. ஓடினபோதெல்லாம் வராத வலி. அடுத்த நாள் அது வலது முழங்காலுக்குப் போனது. அதற்கடுத்த நாள் தொண்டை அரிக்கிறது, காய்ச்சல் வரப்போகிறது என்று நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பத்தொன்பது வயது மகள் அத்தீரா கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்தாள். அவள் சோபாவில் படுத்தபடி தாயை நோட்டம் விட்டுக்கொண்டே இருந்தாள்.

"அம்மா, நேத்து எடது காலைத்தானே நொண்டின? இன்னிக்கு ஏன் வலது?"

"ஒனக்கென்ன தெரியும்? உள்ளுக்குள்ள எலும்பு எதாவது கீறல் விட்டிருக்கும்."

"நெஜமா இருந்தா ஒரே கால்ல இருக்கும்மா."

அன்றே அத்தீராவோடு சண்டை வந்தது. குளிர்சாதனப் பெட்டியில் தண்ணீர்ப் புட்டியின் மூடி சரியாக மூடவில்லை என்பதற்காக. சண்டை முடிந்த கையோடு வீட்டில் இருக்கிற கத்திகளையெல்லாம் எடுத்துத் தீட்டினாள். மேல் அலமாரியில் இருந்த தட்டுகளை இறக்கிக் கழுவினாள். நின்றுகொண்டே கழுவுகிறோம் என்று நினைவு வந்ததும் நாற்காலி போட்டு உட்கார்ந்து கழுவினாள். சப்ரி படகிலிருந்து வந்து வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தான். அவன் அதிகம் பேசுகிறவன் இல்லை.

"ரெண்டு வருஷமா நீ வீட்டுலயே இல்லையேன்னு கவலைப்பட்டுக்கிட்டு இருந்தேன், தூன்" என்றான். "இப்ப வீட்டுல இருக்கியேன்னு கவலையா இருக்கு."

மறுநாள் வழக்கத்தைவிட முன்னதாகவே படகை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

இந்த நேரம் பார்த்துத்தான் பக்கத்து வீட்டில் கல்யாண வேலை தொடங்கியது.

பக்கத்து வீடு கல்சோம் அக்காவுடையது. சப்ரியின் மூத்த சகோதரி. ஐம்பத்தைந்து வயது, கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். தெருவில் எந்த வீட்டில் விசேஷம் என்றாலும் அவள் சொன்னால்தான் அடுப்பு எரியும். அவளுடைய கடைசி மகள் மஷித்தாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் கடலுக்கு அக்கரையில் இருக்கும் பெர்லிஸ்காரர்கள். அவர்களுக்கு வசதிப்பட்ட வெள்ளிக்கிழமையைக் குறித்துவிட்டார்கள். பந்தயம் அதற்கு அடுத்த நாள், சனிக்கிழமை.

கல்யாண விருந்துக்கு வெளி ஆள் வைத்துச் சமைக்கிற பழக்கம் இப்போது வந்துவிட்டது. கல்சோம் அக்கா அதற்கெல்லாம் ஒத்துக்கொள்ள மாட்டாள். ஆண்கள் பந்தல் கட்டி விறகு உடைத்து மாடு அறுக்க வேண்டும். பெண்கள் வாரம் முழுக்க வந்து உட்கார்ந்து, நின்று, குனிந்து, நறுக்கி, இடித்து, துருவ வேண்டும். யார் எத்தனை நாள் வந்தார்கள் என்று யாரும் எழுதி வைப்பதில்லை. எல்லோருக்கும் தெரியும்.

ஜைத்தூனுக்கு என்ன செய்வதென்று புரியவில்லை. போனால் சும்மா இருக்க விடமாட்டார்கள், அவளுக்கும் சும்மா இருக்க வராது. காலையில் போனவள் இருட்டுகிற வரை நின்றுகொண்டே இருப்பாள். போகாமல் இருக்கவும் முடியாது. கடைசியில் ஒரு மூட்டை வெங்காயம் வாங்கி அத்தீராவிடம் கொடுத்தனுப்பினாள். அம்மாவுக்கு உடம்புக்கு முடியவில்லை, நான் வேலை செய்கிறேன் என்று சொல்லச் சொன்னாள்.

கால்மணி நேரத்தில் அத்தீரா மூட்டையோடு திரும்பி வந்தாள்.

"அத்தை வாங்க மாட்டேன்னுட்டாங்க. வெங்காயம் கடையில கெடைக்குமாம், கைதான் கெடைக்காதாம்."

"வேற என்ன சொன்னா?"

"சொல்லட்டுமா? அஞ்சு மணி நேரம் ரோட்டுல சைக்கிள் மிதிக்கத் தெரியுது, என் வீட்டு முத்தத்துல வந்து ஒக்காரத் தெரியலையான்னாங்க. ஒங்கம்மா காலு தங்கக் காலான்னு கேட்டாங்க. எல்லாரும் சிரிச்சாங்கம்மா. எனக்கு அழுகையே வந்துருச்சு."

ஜைத்தூன் எழுந்து தலைத்துண்டைச் சரிசெய்துகொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். முற்றத்தில் பாய் விரித்துப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்கள். கல்சோம் அக்கா நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஒடம்புக்கு முடியலைன்னு சொன்னாங்க. நல்லாத்தான் நடந்து வர்ற."

"அக்கா, உள்ள வாங்க. ஒரு வார்த்தை பேசணும்."

உள்ளே, தைக்கக் கொடுத்து வந்திருந்த ஊதா நிறக் கல்யாண உடுப்புகள் கட்டில் முழுக்கக் கிடந்தன. அவற்றை ஒதுக்கிவிட்டு இருவரும் உட்கார்ந்தார்கள். ஜைத்தூன் ஹில்மி சொன்னதையெல்லாம் சொல்லிப் பார்த்தாள். உடம்பு பல மாதம் அடிபட்டிருக்கிறது, தசையெல்லாம் உள்ளே கிழிந்து கிழிந்து சேர்ந்திருக்கிறது, இந்த மூன்று வாரத்தில்தான் அது தன்னைத் தைத்துக்கொள்ளும் என்றாள். சொல்லச் சொல்ல அவளுக்கே அது சாக்குப்போக்காகத்தான் பட்டது.

"வேலை செய்யறதுக்காக வேலை செய்யாம இருக்கணுங்கற" என்றாள் கல்சோம் அக்கா.

"ஆமாக்கா."

"யாரு சொன்னது?"

"தீயணைப்புல இருக்கானே, ஹில்மி. அவன்தான்."

"அவனுக்குத் தீயணைக்கத் தெரியும். பொம்பளை ஒடம்பைப் பத்தி என்ன தெரியும்?"

ஜைத்தூனுக்குக் கண் கலங்கியது. தடுக்கப் பார்த்தாள், முடியவில்லை. "எனக்கும் பிடிக்கலக்கா. வீட்டுல சும்மா ஒக்காந்தா பயமா இருக்கு. எதோ வரப்போகுதுங்கற மாதிரியே இருக்கு. ராத்திரி தூக்கமில்ல. புள்ளையைத் திட்டறேன். அவர் படகுக்கு ஓடிட்டாரு. இதுக்கு அந்த மலையில ஏறிட்டே இருந்திருக்கலாம்."

கல்சோம் அக்காவுக்குப் பழைய நாள் ஒன்று ஞாபகம் வந்தது.

அத்தீரா பிறந்தது ஒரு டிசம்பர் மாதம். பிள்ளை பெற்ற உடம்புக்கு இந்த ஊரில் நாற்பத்து நாலு நாள் பத்தியம். வயிற்றில் துணி இறுக்கிக் கட்டி, சுட்ட கல்லைத் துணியில் சுற்றி ஒத்தடம் வைத்து, குளிர்ச்சியான பண்டம் எதையும் வாயில் வைக்காமல், படுத்தே கிடக்க வேண்டும். ஜைத்தூன் அப்படிப் படுத்திருந்த பதினோராவது நாள் மதியம்தான் கடல் ஊருக்குள் வந்தது. படகுகள் வீட்டுக்குள் வந்தன. கல்சோம் அக்கா பச்சைப்பிள்ளையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு மார்பளவு தண்ணீரில் நடந்தாள். நீந்தத் தெரியாத ஜைத்தூன் வயிற்றுத் துணி அவிழ்ந்து காலில் சுற்ற, தென்னை மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள். சப்ரி அன்று கடலில் இருந்தான், சாயங்காலம்தான் உயிரோடு வந்து சேர்ந்தான். அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்துத் தரையில் தங்கல், சேறு அள்ளல், வீடு கட்டல். பத்தியம் எங்கே இருந்தாள்? அடுத்து இரண்டு தடவை கரு தங்காமல் போனபோது, பாதியில் விட்ட பத்தியம்தான் காரணம் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். ஜைத்தூன் அதை நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை. நாற்பது வயதில் திடீரென்று போய் நீச்சல் கற்றுக்கொண்டாள். ஏன் என்று கேட்டவர்களிடம் முதுகுவலிக்கு நல்லது என்றாள்.

"தூன்" என்றாள் கல்சோம் அக்கா. "ஒடம்பு கிழிஞ்சிருக்கு, தைக்கணும். படுத்துக் கெடக்கணும். கண்டதைத் திங்கக் கூடாது. அப்புறம் எழுந்து வேலையைப் பாக்கணும். இதைத்தானே இவ்வளவு நேரம் சுத்திச் சுத்திச் சொல்ற?"

"ஆமாக்கா."

"இதுக்குப் பேரு பத்தியம்டி. மொதல்லயே சொல்றதுக்கென்ன?" அவள் கட்டிலை விட்டு எழுந்தாள். "அப்ப பாதியில எழுந்து ஓடுன. ஓட வேண்டியிருந்துச்சு. இப்ப எந்தக் கடலும் வரலை. ஒழுங்கா இரு."

வெளியே போய் முற்றத்தில் நின்று, தெருவுக்கே கேட்கிற குரலில் அறிவித்தாள்: "எல்லாரும் கேட்டுக்குங்க. தூன் பத்தியத்துல இருக்கா. யாரும் அவளை வேலைக்குக் கூப்பிடக் கூடாது."

"நாப்பத்தஞ்சு வயசுலயா!" என்று ஒரு கிழவி மாரில் கை வைத்தாள். "சப்ரி பலே ஆளுதான்!"

"புள்ளைப் பத்தியம் இல்ல பெரியம்மா, பந்தயப் பத்தியம்" என்றாள் கல்சோம் அக்கா.

அதற்கப்புறம் யாருக்கும் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பிள்ளை பெற்ற பெண்கள் எல்லோருக்கும் பத்தியம் தெரியும். மறுநாள் காலையிலேயே, உள்காயத்தை ஆற்றும் என்று பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற விரால் மீன் சாறு வந்தது. மிளகும் இஞ்சியும் மட்டும் போட்டது. மத்தியானம் இன்னொரு வீட்டிலிருந்து இன்னொரு விரால். வெள்ளரிக்காய் தொடக்கூடாது, பலாப்பழம் கூடவே கூடாது, குளிர்ந்த தண்ணீர் வாயில் படக்கூடாது. ஒருத்தி மூலிகை எண்ணெய் கொண்டுவந்து கால் பிடித்துவிட்டாள். பிடிக்கும்போதே, "இது காலா, தேக்குக் கட்டையா?" என்று தொடையைத் தட்டிப் பார்த்தாள். ஜைத்தூன் கல்யாண வீட்டுக்கும் போனாள். அங்கே அவளுக்கென்று சாய்வு நாற்காலி போட்டிருந்தார்கள். அதிலேயே உட்கார்ந்து வெற்றிலைத் தட்டுக்கு ரிப்பன் கட்டினாள். பழக்கதோஷத்தில் ஒரு சட்டியை நகர்த்த எழுந்தால் நாலு பக்கமிருந்தும் குரல் வரும்: "ஒக்காரு!"

முதல் முறையாக அன்று இரவு விடியும் வரை தூங்கினாள்.

சிக்கல் வேறு பக்கத்திலிருந்து வந்தது. ஹில்மி தினமும் கொஞ்சம் சைக்கிள் மிதிக்கச் சொல்லியிருந்தான். கால் மறந்துவிடாமல் இருக்க நடுநடுவே சில நிமிஷம் வேகம் காட்டவும் வேண்டும். புதன்கிழமை காலை ஜைத்தூன் பின்வாசல் வழியாக சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய், விமான ஓடுதளத்தை ஒட்டிய சாலையில் மிதித்தாள். எதிரே மீன் கூடையோடு மோட்டார் சைக்கிளில் வந்தவர் இத்ரிஸ் மாமா. அவளைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தினார். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிவிட்டு வண்டியைத் திருப்பினார். மீன் விற்கப் போகிற வழி அதுவல்ல.

அவள் வீட்டுக்கு வந்தபோது கல்சோம் அக்கா தேங்காய் துருவிய கையோடு வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"பத்தியத்துல சைக்கிளா? வெக்கமா இல்ல? ஊரே ஒனக்கு விரால் மீன் தேடி அலையுது, நீ காத்துல பறக்கற!"

"அக்கா, இதுவும் ஹில்மி சொன்னதுதான்."

"கூப்பிடு அவனை."

ஹில்மி வேலை முடிந்து சீருடையோடேயே வந்தான். முற்றத்தில் அவனை நடுவே உட்கார வைத்து, சுற்றிலும் இருபது பெண்கள் உட்கார்ந்தார்கள். காய்ந்த மிளகாய் நறுக்குகிற கத்தரிக்கோல்கள் ஒன்றும் நிற்கவில்லை.

"நீ எத்தனை புள்ளை பெத்தவன்?" என்று ஆரம்பித்தாள் கல்சோம் அக்கா.

"பெரியம்மா, எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலை."

"அதான் தெரியுதே. பத்தியத்துல இருக்கறவளை ஏன் ரோட்டுக்கு அனுப்பற?"

ஹில்மி தீயைப் பார்த்துப் பயப்படாதவன். அன்று அவனுக்கு வியர்த்தது. முழுக்கப் படுத்துவிட்டால் உடம்பு மந்தமாகிவிடும், பந்தயத்தன்று எழுப்ப முடியாது, அதனால் தினமும் கொஞ்சமாக எழுப்பிப் பார்த்துவிட்டு மறுபடி படுக்க வைக்க வேண்டும் என்றான். பெண்கள் தங்களுக்குள் கலந்து பேசினார்கள். பிள்ளை பெற்றவளையும் சில நாளில் கைபிடித்து நடக்க விடுகிறோம்தானே என்றாள் எண்ணெய் தேய்த்தவள்.

"சரி. எவ்வளவு நேரம்?"

"நாளைக்கு அரை மணி நேரம் சைக்கிள். கல்யாணத்தன்னிக்குக் காலையில கால்மணி நேரம் நீச்சல். அவ்வளவுதான் பெரியம்மா."

"கடல்லயா? குளிர்ச்சி!"

"வெதுவெதுப்பாத்தான் இருக்கும்."

"பத்து நிமிஷம்" என்றாள் கல்சோம் அக்கா. ஹில்மி தலையாட்டினான். பிறகு அவனுக்குப் பலகாரத் தட்டு வந்தது. எழுந்து போகும்போது அவன் ஜைத்தூனிடம் மெல்லச் சொன்னான்: "அக்கா, நான் குடுத்த ஓய்வைவிட இவங்க குடுக்கறது நல்லா இருக்கு. நான் தலையிடலை."

கல்யாணம் சிறப்பாகவே நடந்தது. சொந்தக்காரப் பெண்கள் எல்லோரும் ஒரே ஊதா நிறத்தில் உடுத்தியிருந்தார்கள். மஷித்தா மேடையில் தலை குனிந்து உட்கார்ந்திருக்க, பெர்லிஸ்காரர்கள் மேளத்தோடு வந்தார்கள். நெய்ச்சோறும் மாட்டிறைச்சியும் மணக்கிற பந்தலில் ஜைத்தூன் மட்டும் வெள்ளைச் சோற்றை விரால் சாற்றில் பிசைந்து சாப்பிட்டாள். மாப்பிள்ளையின் அத்தை பரிதாபத்தோடு குனிந்து, "என்ன வியாதி?" என்று கேட்டாள். கல்சோம் அக்கா முந்திக்கொண்டாள்: "வியாதியா? நாளைக்கு இந்தத் தீவு முழுக்கச் சுத்தப்போறா. பாத்துட்டுப் போங்க."

சாயங்காலத்துக்குள் சைக்கிளைப் பந்தயம் நடத்துகிறவர்களிடம் ஒப்படைத்தாக வேண்டும். உடை மாற்ற நேரமில்லை. சப்ரியின் லாரியில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு தெலகா துறைமுகத்துக்குப் போனார்கள். நூற்றுக்கணக்கான சைக்கிள்கள் வரிசையாகத் தொங்குகிற இடத்தில், பளபளக்கும் ஊதா உடுப்போடும் கல்யாணத்துக்கு வைத்த மருதாணியோடும் அவள் தன் சைக்கிளை மாட்டினாள். டயரை அழுத்திப் பார்த்தாள். பக்கத்து இடத்து ஜெர்மன்காரர் தன் மனைவியைக் கூப்பிட்டு அவளைக் காட்டினார். அவர்களோடு சேர்ந்து நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டாள்.

"பயமா இருக்கா?" என்று திரும்புகிற வழியில் சப்ரி கேட்டான்.

"இல்லை" என்றாள். யோசித்துவிட்டு, "இருக்கு. ஆனா போன வருஷம் மாதிரி இல்ல. அப்ப செய்யாம விட்டதை நெனச்சுப் பயந்தேன். இப்ப செய்யப்போறதை நெனச்சுப் பயமா இருக்கு."

சனிக்கிழமை விடிகிற நேரம் கரையில் நின்றாள். முழுக்கை நீச்சலுடை, தலையில் குழுவின் தொப்பி. ஊதல் ஒலித்ததும் மற்றவர்களோடு தண்ணீரில் இறங்கினாள். பத்துப் பதினைந்து கை வீசியதுமே உடம்பில் ஏதோ மாறியிருப்பது தெரிந்தது. தோள் கனக்கவில்லை. மூச்சு தானாக வந்தது. இவ்வளவு பலம் எங்கே இருந்தது, இத்தனை நாள் நான் இதைத் தூங்கவிடாமல் வைத்திருந்தேனா என்று நீந்திக்கொண்டே ஆச்சரியப்பட்டாள். வேகமாகப் போகலாம் போலிருந்தது. ஹில்மி எச்சரித்திருந்தான், முதலில் ஆசை காட்டும், ஏமாறாதீர்கள் என்று. அடக்கிக்கொண்டாள். கடல் அன்று அமைதியாக இருந்தது. அதை நம்பாமலும், அதற்குப் பயப்படாமலும் நீந்தி முடித்தாள்.

சைக்கிளில் வெயில் வாட்டியது. நடுப்பகலில் ஒரு முறை வாந்தி வந்தது. இறங்கி, எடுத்துவிட்டு, வாயைக் கொப்பளித்து மறுபடி ஏறினாள். போன வருஷம் தள்ளிக்கொண்டு நடந்த டத்தாய் மேட்டை இந்த முறை மிதித்தே ஏறினாள். மெதுவாகத்தான், பக்கத்தில் காடு முழுக்கக் குரங்குகள் வேடிக்கை பார்க்க. மேலே போனதும் அழுகை வந்தது. இறக்கத்தில் காற்று அதை உலர்த்திவிட்டது.

சைக்கிள் முடிகிற இடத்தில் தடுப்புக் கம்பிக்குப் பின்னால் ஒரு ஊதாக் கூட்டம் நின்றிருந்தது. கல்யாண வீட்டுப் பெண்கள் நேற்றைய உடுப்பையே மறுபடி உடுத்திக்கொண்டு வந்திருந்தார்கள். கூட்டத்தில் அவள் கண்ணில் படவேண்டும் என்பதற்காகவாம். கண்ணெல்லாம் தூக்கம். வாரம் முழுக்க உழைத்த களைப்பு. ஜைத்தூன் வளைவில் திரும்பியதும் பெண்கள் சட்டி மூடியைத் தட்ட ஆரம்பித்தார்கள்.

கெடுவுக்கு இன்னும் நிறைய நேரம் இருந்தது. அவள் இறங்கி, சைக்கிளைத் தொண்டர் கையில் கொடுத்தாள். உடை மாற்றுகிற கூடாரத்துக்குப் போகிற வழியில் கம்பியோரம் வந்தாள். கல்சோம் அக்கா கம்பிக்கு மேலே கையை நீட்டி அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். பெரிய குரல்காரி அழுதுகொண்டிருந்தாள்.

"முடிச்சிட்டடி! முடிச்சிட்ட! வா, வீட்டுக்குப் போலாம்."

"அக்கா, இன்னும் முடியல. இப்பத்தான் ஓடணும்."

"ஓடணுமா? எங்க?"

"நாப்பத்திரண்டு கிலோமீட்டர்."

கல்சோம் அக்கா கையை எடுத்துவிட்டாள். இத்தனை நாளும் யாரும் அவளுக்கு இதைச் சொல்லியிருக்கவில்லை. சைக்கிளோடு சரி என்றுதான் நினைத்திருந்தாள். திரும்பி சப்ரியைப் பார்த்தாள். அவன் ஆமாம் என்று தலையாட்டினான்.

"யா அல்லா! இது தெரிஞ்சிருந்தா அந்தப் பத்து நிமிஷ நீச்சலைக்கூட விட்டிருக்க மாட்டேனே!" என்றாள். பிறகு சட்டென்று குரல் மாறியது. "அப்ப ஏன் நின்னுக்கிட்டு இருக்க? நேரமாகுதுல்ல? ஓடு!"

ஜைத்தூன் சிரித்தபடி கூடாரத்துக்குள் போனாள். ஐந்து நிமிஷத்தில் தொப்பியோடும் ஓட்டக் காலணியோடும் வெளியே வந்து, செனாங் கடற்கரைச் சாலையில் இறங்கினாள். வெயில் தாழ்ந்திருந்தது. முதலில் நடை, அப்புறம் மெல்லோட்டம். பெண்கள் அவள் கண்ணுக்கு மறைகிற வரை மூடியைத் தட்டினார்கள். பிறகு நடைபாதையிலேயே பாய் விரித்து, கல்யாணத்தில் மிஞ்சிய சோற்றைப் பொட்டலம் பிரித்தார்கள். பசியோடு வந்து நின்ற தொண்டர்களுக்கும் கொடுத்தார்கள்.

அவள் அன்று இரவு, அந்த நடைபாதைக்குப் பக்கத்திலேயே இருந்த கடைசிக் கோட்டைத் தாண்டினாள். அவளுக்குப் பின்னாலும் ஆட்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். கழுத்தில் பதக்கம் போட்டவர் என்ன சொன்னார் என்று அவளுக்கு நினைவில்லை. அத்தீரா கட்டிக்கொண்டு விசும்பியதும், சப்ரி குனிந்து காலணி நாடாவை அவிழ்த்ததும் நினைவிருக்கிறது. பெருவிரல் நகம் கறுத்திருந்தது. கல்சோம் அக்கா பாயில் சாய்ந்து, வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள்.

"எழுப்பட்டுமா?" என்றான் சப்ரி.

"வேணாம். பாவம், ஒரு வாரமா ஒழுங்கா தூங்கலை."

அவளும் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தாள். பொட்டலத்தில், பத்தியத்துக்காக நேற்று அவள் தொடாத இறைச்சி கொஞ்சம் மீதி இருந்தது. ஆறிப்போய், எண்ணெய் உறைந்து கிடந்தது. அதைக் கையால் எடுத்து, ஒன்றும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.